பக்கத்துக் காணியின் மாடியும் நீலன் திருச்செல்வத்தின் அரசியலும்

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் குடியிருக்கிறோம். பக்கத்துக் காணியில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். எங்கள் மதிலிலும் குசினிச் சுவரிலும் வெடிப்பு விழுந்துவிட்டது. ஒழுங்கையின் பொதுக் கானை மண்ணும் கொங்கிரீற்றும் அடைத்துக்கொண்டதால் மழை பெய்தால் வாசல்வரை தண்ணீர். மாநகர சபைக்குத் தமிழில் இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டாவது கடிதத்துக்குச் சிங்களத்தில் இரண்டு வரிப் பதில் வந்தது. 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று இருப்பதாகப் பக்கத்து வீட்டார் வாசித்துச் சொன்னார். பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டையும் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். சட்டம் படிக்க ஆயத்தமாகும் என் மகன் நீலன் திருச்செல்வத்தைப் பற்றி வாசித்துவிட்டு, தாராண்மைவாதம் (லிபரலிசம்), தனிமனித சுதந்திரம், அரசு தலையிடக் கூடாது என்று பேசுகிறான். 'அப்படியென்றால் பக்கத்துக்காரர் தன் காணியில் கட்டுவதும் அவருடைய சுதந்திரம்தானே?' என்று கேட்டேன். பதில் இல்லை. இந்தக் கொள்கையெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு எதற்கு உதவும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழும்பு 6

சட்டத்தரணியின் பதில்:

ஐயா, உங்கள் மகன் பாதியைச் சரியாகப் பிடித்திருக்கிறார். மற்றப் பாதியில்தான் உங்கள் வீட்டுச் சுவர் இருக்கிறது.

தாராண்மைவாதம் அரசை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்வதில்லை. 1865 முதல் 1868 வரை வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியின் லிபரல் உறுப்பினராக இருந்த ஜோன் ஸ்டுவர்ட் மில் இட்ட எல்லைக்கோடு எல்லோரும் அறிந்தது: ஒருவர் செய்வது பிறருக்குக் கேடு விளைக்குமானால் அங்கே தலையிட அரசுக்கு நியாயம் உண்டு; அவர் நன்மைக்காக என்று சொல்லி மட்டும் தலையிட நியாயம் இல்லை. உங்கள் சுவரில் வெடிப்பு விழுந்த இடத்தில் பக்கத்துக்காரரின் சுதந்திரம் முடிந்து மாநகர சபையின் கடமை தொடங்குகிறது. அதாவது, இங்கே அரசு அதிகம் தலையிட்டதால் நீங்கள் பாதிக்கப்படவில்லை. தலையிட வேண்டிய இடத்தில் தலையிடாமல், அதற்குக் காரணமும் சொல்லாமல், நீங்கள் எழுதிய மொழியிலும் பதில் தராமல் இருந்ததால் பாதிக்கப்பட்டிருக்கிறீர்கள்.

நீலன் திருச்செல்வத்தின் அரசியலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. கொழும்பில் வாழ்ந்து, தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினராக நாடாளுமன்றம் சென்று, 1999 யூலை 29 அன்று பொரளைக்குக் கிட்டக் கின்சி வீதிப் பகுதியில் தற்கொலைக் குண்டுதாரியால் கொல்லப்பட்ட சட்ட அறிஞர் அவர். அவர் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி அரசியலமைப்பின் மீதுதான் சென்றது: அதிகாரத்தை எங்கே பிரிப்பது, அதை எதனால் கட்டுப்படுத்துவது, சிறுபான்மையினருக்கு எந்த உத்தரவாதத்தை எழுத்தில் வைப்பது. 1995இல் முன்வைக்கப்பட்ட அதிகாரப் பரவலாக்கல் யோசனைகளின் உருவாக்கத்தில் அவர் பங்கு பெரியது. உயிரின் புனிதம்தான் அடிப்படை, அது இல்லாவிட்டால் மற்ற எந்த உரிமைக்கும் அர்த்தமில்லை என்று தம் இறுதி நாடாளுமன்ற உரையில் சொன்னார். அவருடைய தந்தை மு. திருச்செல்வம் 1965இல் அமைந்த டட்லி சேனநாயக்க அரசாங்கத்தில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர். அதிகாரப் பரவலாக்கம் என்றால் வடக்கு கிழக்கு விவகாரம் என்றே கொழும்பில் பலரும் நினைக்கிறோம். கான் அடைபட்ட ஒழுங்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வியும் அதே கேள்விதான்.

நீலன் போன்றவர்களுக்கு சுதந்திரம் நடைமுறையில்தான் உயிர்வாழ்கிறது. அதிகாரி எழுத்தில் பதில் தர வேண்டும், குறித்த நாளுக்குள் தர வேண்டும், குடிமகன் விளங்கும் மொழியில் தர வேண்டும், மறுத்தால் மேலே கேட்க இடம் இருக்க வேண்டும். இந்த நான்கும் நம் சட்டத்தில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் காலக்கெடுவும் இருக்கிறது. கெடு தெரியாமல் தவறவிடுவதால்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். ஆகவே கொள்கையை இங்கே நிறுத்திவிட்டு உங்கள் கோப்புக்கு வருகிறேன்.

முதலில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநகர சபை இதன்கீழ் ஒரு பகிரங்க அதிகாரசபை. அங்கே தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். இலங்கைப் பிரஜை எவரும் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கருமபீடத்தில் காரணம் கேட்டால் சட்டம் அதைக் கேட்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

இதில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று எழுதுவார்கள். அது கேள்வி; தகவல் கோரிக்கை அல்ல. அலுவலர் தம்மிடம் இருக்கும் பதிவைத் தரக் கடமைப்பட்டவர். விளக்கம் எழுதித் தரக் கடமைப்பட்டவர் அல்லர். அப்படிக் கேட்டால் 'அத்தகைய தகவல் எம்மிடம் இல்லை' என்று ஒரு வரியில் கோப்பை மூடிவிடலாம். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் விடயத்தில் இப்படி எழுதலாம்:

'கொழும்பு 6, இன்ன ஒழுங்கை, இன்ன இலக்கக் காணியில் நடைபெறும் கட்டுமானம் தொடர்பாகப் பின்வருவனவற்றைக் கோருகிறேன். வழங்கப்பட்ட அபிவிருத்தி அனுமதிப்பத்திரத்தின் இலக்கமும் திகதியும். அதில் அனுமதிக்கப்பட்ட மாடிகளின் எண்ணிக்கை. எல்லைகளில் விட வேண்டிய வெளி அளவுகளும் ஏனைய நிபந்தனைகளும். அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை மேற்கொள்ளப்பட்ட களப் பரிசோதனை அறிக்கைகளின் பிரதிகள். இன்ன திகதியும் இன்ன திகதியும் இட்ட என் கடிதங்கள் மீது கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதிகள். தகவலைத் தமிழில் பெற விரும்புகிறேன்.'

உங்களுக்கு வந்த சிங்களக் கடிதத்தின் தலைப்பில் ஒரு கோப்பு இலக்கம் இருக்கும். அந்த இரண்டு வரியில் இருக்கும் பயனுள்ள விடயம் அதுதான். அதை மறக்காமல் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். எந்தப் பிரிவுக்கு அனுப்பினார்கள், அங்கே யார் மேசையில் கிடக்கிறது என்பதைக் கோப்புக் குறிப்புதான் காட்டும். கட்டட வரைபடம் முழுவதையும் கேட்டால் கட்டுபவரின் தனிப்பட்ட அல்லது வணிகத் தகவல் என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அதே பிரிவின் 5(4) பொதுநலன் மேலோங்கினால் தரத்தான் வேண்டும் என்கிறது என்றாலும், அந்தச் சண்டைக்கு மாதங்கள் போகும். மேலே சொன்னவற்றை மறுப்பது கடினம். அவை சபையின் சொந்தச் செயல்களின் பதிவுகள்.

விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் கிடைத்ததாக எழுத்து வாங்குங்கள். இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை விண்ணப்பப் பிரதியோடு குத்திவையுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற தீர்மானம் வர வேண்டும். சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்துப் பார்த்தால் நடைமுறையில் மூன்று வாரம். 2017 விதிகளின்படி A4 அளவில் முதல் நான்கு பக்கப் பிரதி இலவசம். அதன்பின் ஒரு பக்கத்துக்கு 2 ரூபா. பணத்தைக் காரணம் காட்டி உங்களை மிரட்ட இடமில்லை.

பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ மறுத்தாலோ, அடுத்த பதினான்கு நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, அதாவது மேன்முறையீட்டைக் கேட்கவென நியமிக்கப்பட்ட மேலதிகாரிக்கு, மேன்முறையீடு போக வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று காத்திருந்து இந்தப் பதினான்கு நாளைத் தவறவிடுபவர்கள்தான் மிக அதிகம். அவர் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. ஆணைக்குழுவின் தீர்மானத்தில் திருப்தியில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம். பெரும்பாலான விடயங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. குறித்தளிக்கப்பட்ட அலுவலரின் மேசைக்கு மேன்முறையீடு போனதுமே பல கோப்புகள் அசையத் தொடங்கும், ஏனெனில் அங்கே முதன்முறையாக ஒரு மேலதிகாரி தம் கையெழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தகவல் கையில் வந்தால் என்ன தெரியும்? அனுமதிப்பத்திரம் ஐந்து மாடிக்கு இருந்து ஆறாவது எழுகிறதா, பக்க எல்லையில் விட வேண்டிய வெளியை விட்டார்களா, பரிசோதகர் ஒருமுறையாவது வந்தாரா என்பது தெரியும். அனுமதிக்கு முரணாகக் கட்டினால், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் 28அ பிரிவின்கீழ் அந்த அதிகாரசபை முதலில் அறிவித்தல் கொடுத்து, அடங்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்புக் கட்டளையே பெறலாம். கட்டடம் முடிந்தாலும் சீ.ஓ.சீ என்று எல்லோரும் சொல்லும் இணக்கச் சான்றிதழ் இல்லாமல் அதில் ஆட்களைக் குடியேற்றக் கூடாது. உங்கள் ஆட்சேபனை எழுத்தில் கோப்புக்குள் இருந்தால் அந்தச் சான்றிதழில் கையெழுத்து வைப்பவர் இரண்டு தடவை யோசிப்பார். மாடி எழுந்தபின் எழுதுவதைவிட இப்போது எழுதுவதற்குப் பலம் அதிகம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: தகவல் கேட்பது கட்டட வேலையை நிறுத்தாது. வெடிப்பு பெருகிக்கொண்டு போனால் அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டு இடைக்காலத் தடை உத்தரவு கோர வேண்டும். அதற்கு உங்கள் வாய்வார்த்தை போதாது. பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு அறிக்கை எடுங்கள். ஒவ்வொரு வெடிப்பின் பக்கத்திலும் அடிமட்டம் வைத்து, திகதி தெரியப் படம் பிடியுங்கள். இரண்டு வாரத்துக்குப் பின் அதே இடத்தில் திரும்பவும் பிடியுங்கள். வெடிப்பு வளர்கிறது என்று காட்டுவதுதான் வழக்கின் உயிர். பழைய வெடிப்பு என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடக் காலவரையறை உண்டு.

கான் வேறு விடயம். அது பொதுமக்கள் பயன்படுத்தும் நீரோட்டம் என்பதால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்கீழ் தடையை அகற்ற நீதவான் கட்டளையிடலாம். இதற்கு ஒழுங்கையில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தால் நல்லது. தனியாளின் கோபம் என்று தள்ளிவிட முடியாது.

இனி மொழி. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் 22(2) உறுப்புரை உங்களுக்குத் தெளிவான உரிமையைத் தருகிறது: தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமை. அந்தச் சிங்களக் கடிதத்தை வீசிவிடாதீர்கள். அதுவே உங்கள் சான்று. அதன் பிரதியையும் நீங்கள் தமிழில் எழுதிய கடிதத்தின் பிரதியையும் இணைத்து, தமிழில் பதில் தருமாறு சபைக்கு ஒரு நினைவூட்டல் எழுதுங்கள். வராவிட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யுங்கள். முறைப்பாட்டில் கொதிப்பு வேண்டாம். திகதி, அலுவலகம், எந்த மொழியில் எழுதினேன், எந்த மொழியில் வந்தது: இந்த நான்கு போதும்.

பொலிஸ் விடயத்தில் நடந்தது கவலை தருகிறது, ஏனெனில் இதைத் தடுக்கும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகக் கொடுக்கும் தகவலை அது கொடுக்கப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும். எழுதும் உத்தியோகத்தருக்கு அந்த மொழி தெரியாவிட்டால், அதை உங்கள் மொழியில் நீங்களே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களைப் போல ஓர் ஆசிரியரிடம் ஒரு தாளும் பேனையும் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. அடுத்த முறை முறைப்பாட்டை வீட்டிலேயே தமிழில் எழுதி, இரண்டு பிரதியோடு போங்கள். சிங்களத்தில் எழுதியதில் கையெழுத்திட வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: 'இது சிங்களத்தில் எழுதப்பட்டது. எனக்குத் தமிழில் விளங்கப்படுத்தப்படவில்லை.' விளங்கப்படுத்தியிருந்தால் அப்படியே எழுதுங்கள், உண்மையை மட்டும். ஏற்கெனவே கொடுத்த முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்டு வாங்கி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பியுங்கள். நீங்கள் சொன்ன கான் அதில் இருக்கிறதா, அல்லது வெறும் எல்லைத் தகராறு என்று சுருங்கிவிட்டதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம்.

கடைசிப் படி அடிப்படை உரிமை மனு. உங்கள் மகன் முதலில் படிக்க வேண்டிய இடமும் இதுதான். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே போகலாம்; ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராக மட்டுமே போகலாம். பக்கத்துக்காரரை எதிர்த்து அடிப்படை உரிமை மனு போட முடியாது. அவர்மேல் உள்ளது குடியியல் வழக்கு. சபையின் பாராமுகம் 12(1) உறுப்புரையின் சமத்துவத்தை மீறுகிறது என்று வாதிடலாம். பலருக்குத் தெரியாத இன்னொன்று: 126ஆம் உறுப்புரை அடிப்படை உரிமையோடு நான்காம் அத்தியாயத்தின் மொழி உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே தமிழில் பதில் மறுக்கப்பட்டதற்கும் நாட்டின் அதியுயர் நீதிமன்றம்வரை கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கதவு ஒரு மாதத்தில் மூடும். மீறல் நடந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இது மிகக் குறுகிய காலம். என் கருத்தில் ஒரு குடியாட்சிக்குப் பொருந்தாத அளவு குறுகியது. ஒரே தளர்வு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு: அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே ஆணைக்குழுவின் இலக்கத்தையும் அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

மகனுக்கு இன்னொரு சொல். நம் அரசியலமைப்பின் 80(3) உறுப்புரைப்படி, சபாநாயகரின் சான்றுரை பெற்ற சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் செல்லாது என்று வாதிட முடியாது. சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள்தான் எதிர்க்கலாம். 16ஆம் உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. தாராண்மைவாதம் பேச விரும்பும் ஓர் இளைஞர் தேர்தல் மேடைக்கு முன்பாக வர்த்தமானியை வாசிக்கப் பழக வேண்டும். எந்தக் கட்சி வேட்பாளர் தம்மைத் தாராண்மைவாதி என்று சொல்லிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தாலும், இந்த இரண்டு உறுப்புரைகளையும் நீக்க ஆதரவு தருவீர்களா, அந்த ஒரு மாதத்தை நீட்டப் பேசுவீர்களா என்று உங்கள் மகன் கேட்கட்டும். அதற்கு ஆம், இல்லை என்று சொல்லத் தயங்குபவர் மற்ற விடயங்களில் என்ன சொல்கிறார் என்பதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

செலவு பற்றிப் பயந்தால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து இலவசமாக வழக்குப் பேசுவார்கள். போகும்போது இரண்டு கடிதங்களின் பிரதி, சிங்களப் பதில், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், படங்கள், காணி உறுதியின் பிரதி எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள்.

சபையின் பதில் எந்தத் திகதியில் கைக்குக் கிடைத்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கடித உறையைத் தேடித் தபால் முத்திரையைப் பாருங்கள். ஒரு மாதம் இன்னும் முடியவில்லை என்றால், தகவல் விண்ணப்பத்தைப் பிறகு எழுதலாம். நாளைக் காலையே புதுக்கடைக்குப் போங்கள்.